கொடுப்பதற்கு முன் ஒரு நோட்டு: கைத்துப்பாக்கிகளில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

என் கையை விட்டுப் போன துப்பாக்கிகளில் ஒன்றுக்காக மட்டும் இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19, நாலு அங்குலக் குழல், .357 மேக்னம் ரிவால்வர். குழல், துப்பாக்கியின் உடலான சட்டத்துக்குள் (ஃப்ரேம்) திருகி ஏறும் இடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய ஊசி செருகியிருக்கும். தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் ஆறு அறைகளிலும் தோட்டாவின் விளிம்பு உள்ளே அமிழ்ந்து உட்காரும். 1982 வாக்கில் அந்த நிறுவனம் கைவிட்ட வேலைப்பாடு அது. மாடல் 19-இல் வலு மிகுந்த மேக்னம் தோட்டா சுட்டால் குழலின் பின்வாய் விரிசல் விடும் என்று ஒருவர் சொன்னார். பயந்துபோய் ஒரே வாரத்தில் அதைக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் சட்டம் கொண்ட புது 9 எம்எம் பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். அந்தப் பிஸ்டல் என்னிடம் இரண்டு வருஷம்கூடத் தங்கவில்லை.

சொன்னவர் சொன்னது உண்மைதான். அந்தச் சட்டத்தின் அளவுக்குள் அடங்குவதற்காகக் குழலின் பின்வாயில் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அந்த இடத்தில் உலோகம் மெலிவு. 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள வேகமான மேக்னம் குண்டுகளை நிறையச் சுட்டால் அங்கேதான் விரிசல் வரும். ஆனால் நான் அதில் சுட்டதெல்லாம் பெரும்பாலும் அதே ரிவால்வரில் சுடக்கூடிய, வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா. அப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பிறகும் அது உழைத்திருக்கும். கொடுப்பதற்கு முன் ஒரு டார்ச் அடித்து அந்தப் பின்வாயை நான் பார்க்கவே இல்லை. வரிசை எண்ணையும் எழுதி வைக்கவில்லை. நாளைக்கு எங்காவது கண்ணில் பட்டாலும் அது என்னுடையதுதானா என்று சொல்ல எனக்கு வழி கிடையாது.

அதற்கப்புறம்தான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். ஒரு துப்பாக்கிக்கு ஒரு பக்கம். வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துத்தான் யோசிக்கிறேன். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஓய்வான நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். மேசைமேல் ஒரு பழைய துண்டை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, காலியா என்று பாருங்கள். பிஸ்டல் என்றால் முதலில் தோட்டா அடைத்திருக்கும் மேகசினைக் கழற்றி, பிறகு மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்துப் பூட்டி, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து அத்தனை அறைகளையும் எண்ணிப் பாருங்கள். போன வாரம்தான் பார்த்தேனே என்ற பேச்சு இங்கே கூடாது. அப்புறம் அடுத்தடுத்து வையுங்கள். பெட்டகத்துக்குள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்திருந்தவை இப்படி வெளிச்சத்தில் வரிசையாகக் கிடக்கும்போதே பாதி விஷயம் புரிந்துவிடும். எனக்கு முதலில் தென்பட்டது, ஒரே வேலைக்கு மூன்று இருந்ததுதான்.

நோட்டில் தயாரிப்பு, மாடல், வரிசை எண், வந்த தேதி, கடைசியாகச் சுட்ட தேதி, கூட இருக்கும் பெட்டி, காகிதங்கள், உபரி மேகசின்கள், கழற்றி வைத்த அசல் பிடிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சுட்ட தேதியை எழுதும்போது உங்களிடமே உண்மையைச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் 'நினைவில்லை' என்றே எழுதுங்கள், அதுவே ஒரு தகவல்தான்.

இனி நான் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி: இதைக் கொடுத்துவிட்டால் இதே மாதிரி ஒன்று திரும்பக் கிடைக்குமா? விலையைப் பற்றிய யோசனையே இதற்குப் பிறகுதான். க்ளாக் 19 பிஸ்டல் 1988 முதல் வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் மனம் மாறினால் இன்னொன்று வாங்கிவிடலாம். என்னிடம் மூன்றாம் தலைமுறை ஒன்றும் ஐந்தாம் தலைமுறை ஒன்றும் இருந்தன. பிடியில் விரல்பள்ளம் இல்லாத ஐந்தாம் தலைமுறைதான் என் கைக்கு ஒத்துவந்தது. மூன்றாம் தலைமுறையைக் கொடுப்பதற்கு அரை நாள்கூட யோசிக்கவில்லை.

நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது என் நகாந்த் எம்1895 ரிவால்வர். ரஷ்யாவின் துலா ஆலையில் செய்தது, இடப்பக்கத்தில் ஆலை முத்திரைக்குக் கீழே 1941 என்று பொறித்திருக்கும். சுத்தியலை இழுக்கும்போது சிலிண்டர் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டி, வாயு கசியாமல் அடைத்துக்கொள்ளும். வேறு ரிவால்வர்களில் இதைப் பார்ப்பது அபூர்வம். ஏழு தோட்டா பிடிக்கும். குண்டு முழுவதும் பித்தளைக் கூட்டுக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும் அந்தத் தோட்டா சுலபத்தில் கிடைக்காது. விசையோ இரண்டு விரல் போட்டு இழுக்கலாமா என்று தோன்றும் அளவுக்குக் கனம். வருஷத்துக்கு ஒரு தடவை சுட்டாலே அதிகம். 'சுடாததையெல்லாம் கொடுத்துவிடு' என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியிருந்தால் அது எப்போதோ போயிருக்கும். வைத்திருக்கிறேன். அந்தச் சிலிண்டர் மெல்ல முன்னால் நகர்ந்து உட்காருவதைப் பார்ப்பதற்காகவே அதை அவ்வப்போது எடுக்கிறேன்.

சில சமயம் 'இனிக் கிடைக்காது' என்பதும் மாறும். கோல்ட் பைதான் ரிவால்வர் 1955-இல் வந்தது, 2005-இல் நின்றது, 2020-இல் திரும்ப வந்தது. ப்ரௌனிங் ஹை பவர் பிஸ்டல் 1935-இல் வந்தது. அதை வடிவமைக்கத் தொடங்கிய ஜான் ப்ரௌனிங் 1926-இல் இறந்துவிட, வேலையை முடித்தவர் டியுடொன்னே சைவ். நிறுத்திவிட்டதாக 2018-இல் அறிவித்த எஃப்என் நிறுவனம் 2022-இல் அதே பெயரில் புதியதைக் கொண்டுவந்தது. ஆனால் புதியதன் பாகங்கள் பழையதற்குப் பொருந்தாது, மேகசின்கூடப் பொருந்தாது. ஆகவே பெயர் திரும்பி வந்ததை வைத்து, உங்களிடம் இருக்கும் பழையதே திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். உங்களுக்குப் பிடித்தது சுடும் விதமா, அந்தக் காலத்து உலோக வேலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுடும் விதம்தான் என்றால் புதியதும் சரி. மெருகேற்றிய நீலப் பூச்சும் கையால் இழைத்த விளிம்பும்தான் என்றால் பழையதை விடாதீர்கள்.

இரண்டாவது, அதன் உண்மையான நிலை. இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஒரு துப்பாக்கி சரியாக வேலை செய்யவில்லை என்ற கோபத்தில் அதை மாற்றக் கொண்டுபோகாதீர்கள். என்னிடம் 1911 என்ற மாடல் பிஸ்டல் ஒன்று இருக்கிறது, .45 காலிபர், ஐந்து அங்குலக் குழல். மேகசினுக்கு இரண்டு முறையாவது வெற்றுக்கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். கொடுத்துவிடலாம் என்று பெட்டியில் போட்டே வைத்துவிட்டேன். கடைசி முயற்சியாகப் பின்னுந்தல் ஸ்ப்ரிங்கை மாற்றினேன். அந்த அளவுக்கு 16 பவுண்ட் ஸ்ப்ரிங்தான் வழக்கம். பழையதை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தபோது இரண்டு வளையம் அளவுக்குக் குறுகிப்போயிருந்தது. மேகசின்களில் ஒன்றில் தோட்டாவைப் பிடிக்கும் மேல்உதடு விரிந்திருந்தது, அதையும் ஒதுக்கினேன். அதற்கப்புறம் அது சிக்கவே இல்லை. ஸ்ப்ரிங், மேகசின், வேறொரு வகைத் தோட்டா இந்த மூன்றையும் மாற்றிப் பார்க்காமல் எந்தப் பிஸ்டலையும் குறை சொல்லாதீர்கள்.

ரிவால்வரைப் பார்ப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. காலியா என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, மருந்து இல்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு, ஒரு விரலால் சிலிண்டரை மெல்ல உரசிப் பிடித்துக்கொண்டே, சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் மிச்சத் தூரத்தை நீங்கள் கையால் தள்ள வேண்டியிருந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஆறு அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள், ஒன்றில் மட்டும் பிந்தலாம். பிறகு சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பாருங்கள். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருந்தால் நிம்மதி. 0.25-ஐத் தாண்டினால் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாகச் சிலிண்டரை வெளியே தள்ளிவிட்டு, டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, குழலின் பின்வாயைச் சுற்றிவரப் பாருங்கள். ஈயமும் கரியும் கோடு மாதிரியே தெரியும், அதனால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பத்து நிமிஷ வேலை. என் மாடல் 19-க்கு நான் கொடுக்காத பத்து நிமிஷம்.

இப்படிப் பார்த்தால் வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதும் தெரியும். உறையில் போட்டுப் போட்டு எடுத்ததால் குழல்முனையில் நீலம் போய் வெள்ளைத் தகரம் மாதிரி நிற்கும் போலீஸ் ரிவால்வர்கள் உண்டு. திறந்து பார்த்தால் உள்ளே புதிது போல இருக்கும், ஏனென்றால் வருஷம் முழுக்கச் சுமந்தார்கள், சுட்டது கொஞ்சம். என் அண்ணன் விட்டுப்போன ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர் அப்படிப்பட்டது.

மூன்றாவது, அசல்தன்மை. சேகரிப்பாளர் மதிக்கும் துப்பாக்கி என்றால் வரிசை எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். என்னிடம் இருந்த வால்தர் பி38-இன் ஸ்லைடில் 'பிஒய்எஃப் 44' என்று இருந்தது. மௌசர் ஆலை, 1944 என்று அர்த்தம். ஆனால் ஸ்லைடில் இருந்த எண் வேறு, சட்டத்திலும் குழலிலும் இருந்த எண் வேறு. சுட்டு மகிழ நல்ல பிஸ்டல்தான், ஆனால் முழு அசல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எண் ஒத்துப்போகும் பி38 வைத்திருப்பவர்கள் அதைக் கொடுக்கும் முன் ஒன்றுக்கு மூன்று தடவை யோசியுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: மாற்றக் கொடுக்கப் போகிறோமே என்று பழசைப் பளபளப்பாக்காதீர்கள். பஃப் போட்டால், அதாவது மெருகுச் சக்கரத்தில் தேய்த்தால், எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், மறுமுலாம் பூசினால் சேகரிப்பு மதிப்பு பெருமளவு போய்விடும், போனதைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். நிக்கல் முலாம் பூசியதற்கு, குழலில் செம்புக் கறை நீக்கப் பயன்படுத்தும் அமோனியா திரவம் வேண்டவே வேண்டாம், முலாமை அரித்து உரித்துவிடும். தோல் உறைக்குள் வைத்தே பெட்டகத்தில் பூட்டும் பழக்கமும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரும்பில் புள்ளிபுள்ளியாகத் துரு ஏற்றும். என்னிடம் ஒன்றின் பிடிச்சட்டத்தில் அந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

அடுத்தது கை. இதற்குச் சுடுதளத்துக்குத்தான் போக வேண்டும். கொடுக்கலாம் என்று நினைப்பதையும், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். 7 மீட்டரில் ஐந்து குண்டு, 15 மீட்டரில் ஐந்து குண்டு, இரண்டுக்கும் ஒரே தோட்டா, மாற்றி மாற்றி. இலக்கு அட்டையில் தேதியும் பெயரும் எழுதி நோட்டில் ஒட்டுங்கள். வேறு வேறு நாளில் மூன்று தடவை செய்தால் உங்கள் விருப்பமும் உங்கள் கையும் ஒன்றா என்று தெரிந்துவிடும். நான் என் ஹை பவரைவிட சிஇசட் 75 பிஸ்டலில் நன்றாகச் சுடுகிறேன் என்று அட்டைகள்தான் சொல்லித்தந்தன. அதற்கு முன் யார் கேட்டாலும் தலைகீழாகச் சொல்லியிருப்பேன்.

வயது ஏற ஏறக் கையும் மாறும், அதையும் கணக்கில் எடுங்கள். அலுமினியச் சட்டம் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர் அரைக் கிலோவுக்கும் குறைவு. சுமக்க ஒன்றுமே தெரியாது, சுட்டால் கட்டைவிரல் அடிமூட்டில் சுரீர் என்று ஏறும். எனக்கு அந்த மூட்டில் இப்போது வாதம். கடைசி மூன்று தடவையும் ஐந்து குண்டோடு நிறுத்திவிட்டேன் என்று நோட்டில் இருந்தது. பயிற்சி செய்ய முடியாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்கு என்று வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொடுத்தேன், வருத்தமில்லை. அதேபோல ரூகர் மார்க் 3, நன்றாகச் சுடும் .22 பிஸ்டல். ஆனால் சுத்தம் செய்யக் கழற்றினால் மறுபடி மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அதனால் சுத்தம் செய்வதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாதி மடங்கித் திறக்கும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கினேன். என் வாழ்நாளில் செய்த நல்ல மாற்று அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று வேறொன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது மனசு உடைந்து இருக்கும் காலத்தில், எதை வைப்பது எதை மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லாவற்றையும் முதலில் வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள். என் மகன் அப்படி ஒரு இருண்ட காலத்தைக் கடந்தான். அவன் மருத்துவர் கேட்ட அன்றைக்கே, சட்டப்படி சேமிப்பு வசதி உள்ள உரிமம் பெற்ற ஒரு வியாபாரியிடம் பதினொன்றையும் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். எட்டு மாதம் பெட்டகம் காலியாகக் கிடந்தது. பெட்டகம் உறுதியானதுதானே, சாவி என்னிடம்தானே என்ற சமாதானமெல்லாம் அப்போது எனக்குப் போதவில்லை. உங்களுக்கும் போதக்கூடாது என்பேன். அவன் இப்போது நலமாக இருக்கிறான்.

அந்த எட்டு மாதம் வேறொன்றையும் காட்டியது. மாடல் 10-ஐ நினைத்துக்கொண்டேன். சிஇசட் 75-ஐ, 1911-ஐ, நகாந்தை நினைத்துக்கொண்டேன். மார்க் 4 இருந்தால் சனிக்கிழமை சுடப் போகலாமே என்று தோன்றியது. ஹை பவரும் எப்போதாவது நினைவுக்கு வந்தது. மற்ற ஐந்தில் இரண்டின் பெயர் ரசீதைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. ஆறு மட்டுமே வீடு திரும்பின. இதையே ஒரு முறையாகச் செய்யலாம்: சந்தேகத்தில் இருப்பதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டி, பெட்டகத்தின் அடித்தட்டில் மூன்று மாதம் வையுங்கள். எண்ணெய் துடைக்க மட்டும் எடுங்கள். கை தானாகத் தேடிப்போகிறதா என்று பாருங்கள். புதிதாக ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்ட அன்றே மாற்றுப் பேசவே வேண்டாம். மாடல் 19 போனதும் அப்படி ஒரு அவசரத்தில்தான்.

உறவுக்காரர் விட்டுப்போனதை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். எல்லாவற்றையும் வைத்திருந்தால்தான் மரியாதை என்றில்லை. என் அண்ணன் விட்டுப்போனவை நான்கு. அவர் ஆசையாகச் சுட்டது மாடல் 10 மட்டும்தான், பிடியின் இடப்பக்கத்தில் அவர் மோதிரம் உரசி உரசி ஒரு பள்ளமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் அண்ணி, பிள்ளைகள் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே கொடுத்தேன். கேட்காமல் கொடுக்காதீர்கள், பின்னால் அது துப்பாக்கியைவிடப் பெரிய மனத்தாங்கலாகிவிடும்.

கணக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரி மாற்றுக்கு எடுத்தால் தனியாருக்கு விற்பதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், அவரும் அதை விற்றுப் பிழைக்க வேண்டும். அந்த வித்தியாசம் அலைச்சலுக்கும் காகித வேலைக்கும் ஈடா என்பது உங்கள் முடிவு. இரண்டைக் கொடுத்து ஒன்று வாங்கும்போது, அந்த இரண்டில் ஒன்று திரும்பக் கிடைக்காததா என்று நோட்டைப் பாருங்கள். எந்த வழியில் கொடுத்தாலும் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் உரிமம், பதிவு, சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகே கை மாறட்டும். தெரிந்தவர்தானே என்று காகிதம் இல்லாமல் கொடுத்த துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் இன்னும் உங்களுடையதாகவே இருக்கலாம். காப்பீட்டுப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள்.

குறை இருந்தால் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் சிஇசட் 52 பிஸ்டலைக் கொடுத்தபோது, அதன் அசல் சுடு ஊசி எளிதில் உடையும் ரகம், தோட்டா இல்லாமல் வெற்றாக விசை இழுக்கக்கூடாது என்று முதல் வார்த்தையாகச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு நோட்டில் அதன் பக்கத்தைக் காட்டினேன்: எத்தனை குண்டு சுட்டது, எந்தத் தேதியில் ஸ்ப்ரிங் மாற்றியது, 15 மீட்டரில் சுட்ட மூன்று அட்டைகள். பேசிய தொகையிலேயே எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன். அசல் பக்கம் என் நோட்டிலேயே இருக்கிறது, அடியில் வரிசை எண்ணும் கொடுத்த தேதியும்.